ஈரம் காயறதுக்கு முன்னாடி

தாழ்ப்பாள் மேல கையை வெச்சுட்டாளே ஒழிய, இழுக்க வரமாட்டேங்குது. மருந்துக் கடையில இருந்து ஒரே ஓட்டமா ஓடி வந்ததுல மூச்சு மேலயும் கீழயும் இழுக்குது. இன்னொரு கையில காலி மாத்திரை அட்டை, வேர்வையில நனைஞ்சு உள்ளங்கையிலயே ஒட்டிக்கிட்டு இருக்கு.

உள்ள அப்பா பெயிண்ட் அடிச்சுக்கிட்டு இருக்காரு. ஸ்பிரே கன்னு சீறுது, நிக்குது, மறுபடி சீறுது. அதுக்கு மேல காத்தாடி இரைச்சல்.

"அப்பா! அப்போவ்!"

எங்க கேக்கும்? மூஞ்சில மாஸ்க்கு, தலையில துணி, காதை அடைக்கிற காத்தாடி.

பெயிண்ட் ரூம் கதவு சாத்தியிருந்தா யாரும் திறக்கக் கூடாது. அந்தக் காரு பட்டறையில அதுக்கு மேல ஒரு சட்டம் கிடையாது. ஈரப் பெயிண்ட்ல ஒரு தூசி உக்காந்தாலும் போச்சு, மொத்தத்தையும் தேய்ச்சு எடுத்துட்டு முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். ஒருதடவை அம்மா, கேஸ் தீந்துபோச்சுன்னு சொல்ல லேசா கதவைத் திறந்துட்டா. அன்னைக்கு நின்னது சமையல் மட்டும் இல்ல, ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தையும்தான். பக்கத்துக் கடையில தீப்புடிச்சப்பகூட, "இன்னும் ஒரு கோட்டுதான், அதுக்குள்ள இங்க வராதுல்ல?"ன்னு உள்ள இருந்து குரல் வந்துச்சே தவிர ஆளு வரல. சும்மாவா ஊரே அவரைக் கண்ணாடின்னு கூப்பிடுது? அவரு அடிச்ச கதவுல பாத்து மீசை திருத்திக்கலாம்.

அதுவும் இன்னைக்கு உள்ள நிக்கறது கருப்புக் காரு. வக்கீலோட காரு. கருப்புல ஒண்ணும் மறைக்க முடியாது. கலர் அடிச்சு முடிச்சு, கடைசியா மேல பளபளப்புக்கு அடிக்கிற கிளியர் போய்க்கிட்டு இருக்கு. அந்தக் காருக்குக் கண்ணாடியெல்லாம் பேப்பர் ஒட்டி டேப் போட்டுக் குடுத்ததே அவதான். ஸ்கூல் விட்டு வந்ததும் அவளுக்கு அதுதான் வேலை, இன்னைக்கு மாதிரி லீவு நாள்ல காலையில இருந்தே. எத்தனை தடவை இந்தக் கதவுக்கு வெளிய, மூச்சைக்கூட மெதுவா விட்டுக்கிட்டு நின்னிருப்பா.

ஆனா மருந்துக் கடை அக்கா சொன்ன வார்த்தை மண்டைக்குள்ள சுத்துது. "இப்பவே. நாளைக்கு இல்ல, சாயந்தரம் இல்ல. இப்பவே."

அக்கா மொதல்ல சாதாரணமாத்தான் கேட்டாங்க. அப்பாவுக்கு இடுப்புல, தொடையில படர்தாமரை. வெக்கையில நாள் முழுக்க இறுக்கமான உடுப்பு போட்டுக்கிட்டு அந்த ரூமுக்குள்ள நின்னா வராம என்ன செய்யும்? டாக்டர்கிட்ட தனியா போய்ட்டு வந்தாரு. அம்மாகிட்ட வேர்க்குருன்னு சொன்னாரு. அந்த இடத்துல படர்தாமரைன்னு சொல்ல வெக்கம். மருந்துக் கடையில பொம்பளை இருக்காங்கன்னு அங்க போகவும் வெக்கம். அதனால சீட்டோட இவளை அனுப்புவாரு. "என் செல்லம்ல, அம்மாகிட்ட சொல்லாத, பாவம் பயந்துருவா"ன்னு ஒரு வாக்கும் வாங்கிட்டாரு. இவளும் பெரிய ரகசியத்தைக் காப்பாத்துற மாதிரி தலையாட்டிட்டா.

"படை குறைஞ்சுதா?"ன்னு அக்கா அட்டையைத் திருப்பிப் பாத்துக்கிட்டே கேட்டாங்க.

"குறைஞ்சுதாம். ஆனா பெயிண்ட்ல கலக்கற தின்னர் ஒத்துக்காம கை, நெஞ்செல்லாம் செவப்பு செவப்பா வந்திருக்கு."

"தின்னர்னு யாரு சொன்னா?"

"எல்லாரும். டிங்கர் மாமா, அப்பா, எல்லாரும்தான். புது டின்னு மாத்துனதுல இருந்து."

"தின்னர் பட்ட எடத்துலதானம்மா வரும்? நெஞ்சுல எப்படிப் பட்டுச்சு? உங்கப்பா என்ன, தின்னர்லயா குளிக்கிறாரு?"

இவ சிரிச்சா. அக்கா சிரிக்கல.

"வாயில புண்ணு இருக்கா?"

"இல்ல... மத்தியானம் முட்டைய ஒதுக்கி வெச்சுட்டாரு. காரமா இருக்குன்னாரு. அம்மாவுக்குக் கோவம் வந்துருச்சு, இத்தனை வருஷமா இதே கைதான சமைக்குதுன்னு."

"காரமா இருந்துச்சா?"

அவ சாப்பிட்டாளே. உப்பே கம்மியாத்தான் இருந்துச்சு. அப்பா குடிச்சு வெச்ச டம்ளர் விளிம்புல ஒரு செவப்புக் கீறல் இருந்தது இப்பத்தான் ஞாபகத்துக்கு வந்துச்சு. பெயிண்டுன்னு நெனச்சுக் கழுவி வெச்சுட்டா. இந்தப் பட்டறையில செவப்பா எது இருந்தாலும் பெயிண்டுதான்.

"கண்ணு?"

"செவந்திருக்கு. தூக்கம் இல்லன்னாரு."

"ஜுரம்?"

"உடம்பு சுடுது. ரூமு சூடுன்னாரு."

அக்கா மேசையைச் சுத்திக்கிட்டு வெளியவே வந்துட்டாங்க. தோளைப் புடிச்சுக்கிட்டாங்க. "இங்க பாரு. இந்த மாத்திரை நெறைய பேருக்கு ஒண்ணும் பண்ணாது. சில பேருக்கு லேசா அரிக்கும், தடிக்கும். எப்பவாவது ஒருத்தருக்கு இது தோலையே புடிச்சு ஆட்டிரும். தோல்ல செவப்பு, அதோட வாயி, கண்ணு, ஜுரம் எல்லாம் சேந்து வந்தா வீட்டுல உக்காந்து யோசிக்கக் கூடாது. இனி ஒரு மாத்திரைகூட உள்ள போகக் கூடாது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. இந்த அட்டைய டாக்டர் கையில குடு. அழுவாத. அழுவுறதுக்கு அப்புறம் நேரம் இருக்கு. ஓடு."

ஒவ்வொண்ணுக்கும் ஒரு காரணம் சொல்லி வெச்சிருந்தாரே அப்பா! எல்லாக் காரணமும் நம்புற மாதிரி வேற இருந்துச்சே!

சொல்லப்போனா, அவ ஒருதடவை கேட்டா. கையில அந்தச் செவப்பு வந்த புதுசுல. "மாத்திரையா இருக்குமோப்பா? நிறுத்திப் பாரேன்."

அப்பா ஒரு பழைய கதவை உப்புத்தாள்ல தேய்ச்சுக்கிட்டே சிரிச்சாரு. "ஏய் வாலு, பாதிக் கோட்டுல நிறுத்துனா என்ன ஆகும்?"

"திட்டுத்திட்டாத் தெரியும்."

"அப்புறம்?"

"அடியில இருக்கறது மறுபடி மேல வரும்."

"அவ்ளோதான் வைத்தியமும். படைய மேலாப்ல அடக்கிட்டு விட்டா அடியில இருந்து திரும்ப வரும். டாக்டர் எத்தனை கோட்டு சொன்னாரோ அத்தனையும் அடிச்சே ஆகணும்."

ஏதாவது வந்தா நிறுத்திட்டு வாங்கன்னு அந்த டாக்டர் சொல்லியிருந்தாராம். அது அப்பா காதுல விழுந்துச்சா, விழுந்தும் கழண்டுபோச்சா, யாருக்குத் தெரியும். தொழில்ல பாதியில நிறுத்துறவனை அவரு மனுசனாவே மதிச்சதில்ல. தின்னர் டின்னைத் தூக்கிப் போட்டாரு. பழைய டின்னுக்கே மாறுனாரு. முழுக்கைச் சட்டை மாட்டுனாரு, ரெட்டைக் கையுறை போட்டாரு. எல்லாத்தையும் மாத்துனாரு, மாத்திரையைத் தவிர. அதை மட்டும் தெனமும் சாப்பாட்டுக்கு அப்புறம் இவ கையில இருந்தே வாங்கிப் போட்டுக்கிட்டாரு. இவ குடுத்தா. இன்னைக்கு மத்தியானமும் கடைசி ஒண்ணைப் பிச்சுக் குடுத்துட்டுத்தான் அடுத்த அட்டை வாங்கப் போனா.

அது ஞாபகம் வந்ததும் கை தானா இழுத்துச்சு.

கதவு திறந்துச்சு. வெளிக்காத்து குபுகுபுன்னு உள்ள பாஞ்சுது. பட்டறையில இருந்த, பள்ளம் அடைக்கற பட்டித் தூளு, பேப்பர்த் துணுக்கு எல்லாம் விருந்தாளி மாதிரி அவளைத் தாண்டி உள்ள போறது வெளிச்சத்துல தெரிஞ்சுது.

"மூடுறீ!" மாஸ்க்குக்குள்ள இருந்து அப்பா கத்துனாரு. "மூடு கதவை! கிறுக்கு புடிச்சிருக்கா?"

"அப்பா, வெளிய வா. ஆஸ்பத்திரி போகணும்."

"யாருக்கு என்ன?"

"உனக்கு!"

"எனக்கென்ன கேடு? இன்னும் ஒரு பக்கம் இருக்கு, முடிச்சுட்டு வரேன். மூடு, மூடு, மூடு!"

திரும்பிக்கிட்டு மறுபடி அடிக்க ஆரம்பிச்சுட்டாரு. அந்த நெலமையிலயும் கை ஒரே சீரா போகுது, வருது. அவளுக்குத் தெரியும், ஈரம் இருக்கற வரைக்கும் அந்த மனுசன் நகர மாட்டாரு. காரு நல்லா இருக்கற வரைக்கும் அவரு நல்லா இருக்காருன்னுதான் அவரு கணக்கு.

அவ நேரா போனா. காரு முன்பக்கம், நடு மூடியில, கண்ணாடி மாதிரி அவ மூஞ்சியே தெரிஞ்சுது. அந்த மூஞ்சி மேலயே உள்ளங்கையை விரிச்சு அழுத்திட்டா.

ஜில்லுன்னு இருந்துச்சு. எடுக்கும்போது சின்னதா ஒரு சத்தம்.

கன்னு சீறல் நின்னுபோச்சு.

அப்பா பாத்தாரு. காரைப் பாத்தாரு. அஞ்சு விரலும் ரேகையோட அச்சு அசலா பதிஞ்சிருந்துச்சு. அடிக்கப் போறாருன்னுதான் அவ கண்ணை இறுக்கி மூடிக்கிட்டா. ஒண்ணும் விழல.

"முடிஞ்சுதுப்பா," அவ கண்ணைத் திறக்காமலே சொன்னா. "இனிமே முடிக்கறதுக்கு ஒண்ணும் இல்ல. வா."

அவரு மெதுவா மாஸ்க்கைக் கழட்டுனாரு. பட்டை அழுத்தியிருந்த கன்னத்துல மேல்தோல் பட்டையோடவே வழண்டு வந்துச்சு, ஈரமா, வெங்காயத் தோல் மாதிரி. உதடெல்லாம் வெடிச்சு ரத்தம். அவரே கையை வெச்சுப் பாத்தாரு. விரல்ல ஒட்டுனதைப் பாத்துட்டு, "இதென்னடா?"ன்னு கேட்டாரு. சின்னப் புள்ள கேக்கற மாதிரி.

அதுக்குள்ள காரு சீட்டுக்கு உறை தைச்சுக்கிட்டு இருந்த அம்மா, மிஷின் மிதியை அப்படியே விட்டுட்டு ஓடி வந்தா. கழுத்துல இஞ்சு டேப்பு தொங்குது. "என்ன சத்தம்? எவ கதவைத் திறந்..."

டிங்கர் மாமா, அதாவது நசுங்குன தகரத்தைத் தட்டி நிமித்தறவரு, சுத்தியலோட எட்டிப் பாத்தாரு. அப்பா மூஞ்சியைப் பாத்தாரு. அப்புறம் சுத்தியலைக் கீழ போட்டாரு. "வண்டி எது ஓடுது?"

ஓடுற வண்டி ஒண்ணே ஒண்ணுதான். முன்னாடி பம்பர் கிடையாது, ஒரு கதவு பச்சை, ஒரு கதவு வெள்ளை, உடம்பு பூரா பட்டி. முன் கண்ணாடியில காலையில இவ ஒட்டுன பேப்பர். ரெண்டு கையாலயும் கிழிச்சா.

"நல்லாத்தான் ஒட்டியிருக்கா பாவி, வரமாட்டேங்குதே," மாமா முனகிக்கிட்டே வண்டியை எடுத்தாரு. கிழியாத ஒரு ஓரத்துக்குக் கீழ குனிஞ்சு குனிஞ்சு ரோட்டைப் பாத்து ஓட்டுனாரு. சிக்னல்ல நின்னப்ப பக்கத்துல இருந்தவன் வண்டியைப் பாத்துச் சிரிச்சான். "என்னய்யா சிரிப்பு? இன்னும் முடியலய்யா!"ன்னு மாமா கத்துனாரு.

பின் சீட்டுல அப்பா அம்மா தோள்ல சாஞ்சிருந்தாரு. அம்மா தொடவும் பயந்து, தொடாம இருக்கவும் முடியாம, கையை அந்தரத்துலயே வெச்சிருந்தா.

"எத்தனை நாளா?"

"வேர்க்குரு..."

"வேர்க்குருன்னு இன்னொருதடவை சொன்னீங்க, நானே வண்டியில இருந்து தள்ளி விட்டுருவேன்."

"படர்தாமரைம்மா," இவ முன் சீட்டுல இருந்து சொன்னா. "மாத்திரை சாப்பிட்டாரு. நான்தான் வாங்கிக் குடுத்தேன்."

கண்ணாடியில அம்மா மூஞ்சி தெரிஞ்சுது. "ஓ. நீயும் கூட்டா?" அவ்வளவுதான் கேட்டா. அதுக்கு நாலு அறை விட்டிருக்கலாம்.

ஆஸ்பத்திரியில சின்ன வயசு லேடி டாக்டர். அப்பா வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடிச்சுப் பாத்தாங்க. கண்ணைப் பாத்தாங்க. சட்டையைக் கத்தரிச்சே எடுத்தாங்க. நெஞ்சுல செவப்பு வட்டம் வட்டமா, நடுவுல கருத்து, சிலது கொப்புளமா.

"என்ன வேலை பாக்கறீங்க?"

"பெயிண்டருங்க. தின்னர்தான் ஒத்துக்கல."

இவ அட்டையை மேசையில வெக்கப் போனா. கை முழுக்கப் பாதி காஞ்ச கிளியர், அட்டை விடாம ஒட்டிக்கிச்சு. உரிச்சுத்தான் குடுக்கணும்னு ஆச்சு.

டாக்டர் படிச்சாங்க. அப்பாவைப் பாத்தாங்க. "தின்னர் மேல பழி போடாதீங்க. இந்த மாத்திரைதான்னு நெனைக்கிறேன். இதோட நிறுத்தியாச்சு. இனிமே ஆயுசுக்கும் இதைத் தொடக் கூடாது. எந்த டாக்டர்கிட்ட போனாலும் முதல்ல இதைச் சொல்லணும்."

"பாதியிலயா?" அப்பா அந்த ரத்த வாயோட கேட்டாரு. "முழுசா முடிக்கணும்னு சொல்லுவாங்களேம்மா?"

"முடிக்கறதுக்கு நீங்க இருக்கணும்ல?"

அப்பாவைப் பேச்சுல மடக்குன முதல் ஆளு அந்த டாக்டர்தான்.

வராண்டாவுல பெஞ்சு. அம்மா நெட்டுக்குத்தா உக்காந்திருந்தா. தையல் ஊசி இன்னும் சட்டை ஓரத்துல குத்தி, அதுல கொஞ்சம் கருப்பு நூல் தொங்கிக்கிட்டு இருந்துச்சு. இவ தள்ளி உக்காந்தா. அப்புறம் கொஞ்சம் கிட்ட வந்தா. இன்னும் கொஞ்சம்.

"நான் மத்தியானம்கூட குடுத்தேம்மா."

"தெரியும்."

"டம்ளர்ல ரத்தம் இருந்துச்சு. கழுவிட்டேன்."

"நானுந்தான் காரம்னதுக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டேன். ஒரு வாய் வாங்கிப் பாத்தேனா?" அம்மா அவ கையை இழுத்து மடியில வெச்சு, நகத்தால அந்தக் காஞ்ச கிளியரைச் சுரண்ட ஆரம்பிச்சா. பொறுமையா, விரல் விரலா. "உங்கப்பன் ரூமுக் கதவை நான் எத்தனை வருஷமா பாத்துட்டு நிக்கறேன் தெரியுமா? கல்யாணம் ஆன நாள்ல இருந்து. நீ பரவால்ல. திறந்துட்ட." அடுத்த விரலைப் புடிச்சுக்கிட்டு, "காருல கைய வேற வெச்சியாமே. வக்கீல் நம்மளைச் சும்மா விடுவானாடி?"

ரெண்டு பேரும் சிரிச்சாங்க. அப்புறம்தான் இவளுக்கு அழுகை வந்துச்சு, வந்தது நிக்கல.

டாக்டர் வெளிய வந்து சொன்னாங்க. சீக்கிரமா கொண்டு வந்துட்டீங்க, இன்னும் கொஞ்சம் கொப்புளம் வரும், தோலு உரியும், பயப்படாதீங்க, கண்ணை மட்டும் தெனம் கண் டாக்டர் பாக்கணும். அப்படியேதான் ஆச்சு. முதுகு, தோளு எல்லாம் உரிஞ்சுது. வாயில ஒரு சொட்டுத் தண்ணி போகல, குழாய் வழியாத்தான். அம்மா தையலை விட்டுட்டு அங்கயே கெடந்தா. இவ ஸ்கூல் முடிச்சு நேரா வந்துருவா. நர்சு சொட்டு மருந்து விடும்போது கண்ணை விரிச்சுப் புடிக்கறது இவ வேலை.

கொஞ்சம் பேச வந்ததும் அப்பா சொன்ன முதல் வார்த்தை, "பழைய பெயிண்டை உரிக்கறாங்க. அடியில தகரம் நல்லா இருக்கானு பாரு."

"துரு புடிச்சிருக்கு," இவ சொன்னா.

"உன் வாய்க்கு ஒரு டேப்பு போட்டா தேவல." சிரிக்க வந்து, உதடு வலிச்சு, கையை வெச்சு அமுக்கிக்கிட்டாரு. அப்புறம் மெதுவா, "காரு?"

"மாமா வேற பெயிண்டரை வெச்சு முடிக்கலாமான்னு கேட்டாரு. வக்கீல் வேணாம்னுட்டாராம். கண்ணாடி வந்து அடிக்கட்டும், நான் ஆட்டோல போய்க்கறேன்னு சொல்லிட்டாராம்."

அப்பா வேற பக்கம் திரும்பிக்கிட்டாரு. கண்ணுல மருந்து வழியுதுன்னு துடைச்சுக்கிட்டாரு. இன்னும் மருந்து விடற நேரமே வரல.

அவரு பட்டறைக்குத் திரும்பி வந்தப்ப பருவமே மாறி, வெக்கை போய் காத்துல ஈரம் வந்துருச்சு. புதுத்தோலு குழந்தைத் தோல் மாதிரி ரோஸா, மெல்லிசா. படர்தாமரை மிச்சம் இருந்துச்சு, அதுக்கு இப்ப வேற டாக்டர் குடுத்த பூசுற மருந்து மட்டும். அதை அம்மா கண்ணு முன்னாடி பூசணும், வெக்கமாவது மண்ணாவது. உடுப்பும் அம்மாவே தொளதொளன்னு புதுசா தைச்சுக் குடுத்திருந்தா. "சர்க்கஸ்காரன் மாதிரி இருக்கு"ன்னு டிங்கர் மாமா கிண்டல் பண்ணுனாரு. "நீ தகரத்தைத் தட்டு"ன்னு அப்பா அதட்டுனாரு. பட்டறை பழையபடி பட்டறையாச்சு.

கருப்புக் காரு அதே எடத்துல நின்னுச்சு. கைத்தடத்தை மாமா தேய்க்கவே இல்ல. "கையெழுத்து போட்டவளே அழிக்கட்டும்"னுட்டாரு. அவதான் தண்ணியும் உப்புத்தாளும் வெச்சுத் தேய்ச்சா. சுண்டு விரல் முதல்ல போச்சு. உள்ளங்கை ரொம்ப நேரம் போகல. அப்பா பக்கத்துல நின்னு, "அழுத்தாத, வட்டமா போ, அவசரப்படாத"ன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு.

புதுசா கலர் அடிச்சு, காய விட்டு, இன்னைக்கு மறுபடி கிளியர் அடிக்கற நாள். பேப்பர் ஒட்டி முடிச்சுட்டு அவ நிமிந்தப்ப அப்பா தின்னர்ல ஸ்பிரே கன்னைக் கழுவிக்கிட்டு இருந்தாரு. கையுறை மாட்டறதுக்கு முன்னாடி மணிக்கட்டைச் சொறிஞ்சாரு.

"அதென்ன?"

"எது?"

"கையக் காட்டு."

மணிக்கட்டு உள்பக்கம். ஒரு விரல் நுனி அகலத்துக்குச் செவப்பு.

"தின்னர்," அப்பா சொன்னாரு.

"வாயக் காட்டு."

காட்டுனாரு. நாக்கை நீட்டி, பழிப்புக் காட்டற மாதிரி, ரெண்டு பக்கமும் திருப்பி. சுத்தமா இருந்துச்சு. கண்ணும் தெளிவாத்தான் இருந்துச்சு. நெத்தியில கையை வெச்சுப் பாத்தா. சூடு இல்ல. இல்லன்னுதான் தோணுச்சு.

"போதுமா டாக்டரம்மா? தெறிச்சுருச்சுடி, இப்பத்தான் பட்டுச்சு. நெசமாவே தின்னர்தான்." மாஸ்க்கை மாட்டிக்கிட்டாரு. உள்ள போகும்போது திரும்பிப் பாத்து, "இந்தத் தடவை திறக்கறதா இருந்தா, கையக் கழுவிட்டாவது வா"ன்னு சொல்லிட்டுக் கதவைச் சாத்துனாரு.

காத்தாடி ஓட ஆரம்பிச்சுது. கன்னு சீறுச்சு, நின்னுச்சு, மறுபடி சீறுச்சு. அவ போகல. அவளுக்கு இப்ப திறக்கறதுக்குப் பயம் கிடையாது, ஒரே இழுப்புல திறந்துருவா. தாழ்ப்பாள் மேல கையை வெச்சுக்கிட்டு, மூச்சை மெதுவா விட்டுக்கிட்டு நின்னா.

அப்பா நெசத்தைத்தான் சொல்றாரு. அன்னைக்கும் அவரு நெசம்னு நெனச்சுத்தான சொன்னாரு? அந்தச் செவப்பு, தின்னரா?